இதயத் துடிப்பு மருந்துகளும் பேஸ்மேக்கரும்

மத்திய ரயில்வேயின் பாதையும் மேற்கு ரயில்வேயின் பாதையும் சந்திக்கும் இடம் மும்பையின் தாதர். தென் தமிழ்நாட்டிலிருந்து மும்பை வந்த மக்களில் பலருக்கு இந்நகரத்தின் முதல் வாசல் இதுவே. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களில் கணிசமானோர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். தாதருக்கு அடுத்த பரேலில் 1926-இல் நிறுவப்பட்ட கிங் எட்வர்ட் நினைவு மருத்துவமனையும், தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையும் இவர்களுக்கு நோய்க்காலத்தில் புகலிடமாக விளங்குகின்றன. இரண்டும் மாநகராட்சியின் மருத்துவமனைகள்.

உழைக்கும் காலம் முடிந்ததும் இவர்களுள் பலர் சொந்த ஊர் திரும்புகின்றனர். மும்பையில் நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஒரு முதியவர் தாதரில் ரயிலேறித் தம் கிராமத்திற்குச் செல்கிறார் என்று கொள்வோம். அங்கே சில மாதங்களுக்குப் பின் அவருக்குப் படபடப்பு ஏற்படுகிறது. உள்ளூர் மருத்துவர் இதயத் துடிப்பைச் சீர்செய்யும் மாத்திரையை எழுதித் தருகிறார். கருவியும் நல்லது, மருந்தும் நல்லது. ஆயினும் இவ்விரண்டும் ஒரே இதயத்தில் ஒன்றையொன்று பாதிக்கக் கூடியவை. கருவியைப் பொருத்தியவருக்கு மருந்து தெரியாமலும், மருந்தைத் தந்தவருக்குக் கருவியின் அளவுகள் தெரியாமலும் இருப்பின், ஆபத்து அந்த இடைவெளியிலேதான் தோன்றுகிறது. இவ்விடைவெளி எவ்வாறு உண்டாகிறது, அதை அடைப்பது எப்படி என்பதை மாணவரும் நிர்வாகிகளும் அறிந்திருப்பது பயன் தரும்.

இதயத்தின் மின் இயக்கம்

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு மின் நிகழ்ச்சியில் தொடங்குகிறது. இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை மின் துடிப்பை எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள மற்றொரு கணுவில் சற்றே தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாகவும் பர்க்கின்ஜி இழைகள் வழியாகவும் கீழறைகளை அடைகிறது. அதன் பிறகே கீழறைகள் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகின்றன.

ஓய்விலிருக்கும் கீழறைத் தசைச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 90 மில்லிவோல்ட் அளவு எதிர்மின் நிலையில் இருக்கிறது. தூண்டுதல் வந்தவுடன் செல்சுவரிலுள்ள சோடியம் வாயில்கள் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அதுவே மின் அலையைக் கிளப்புகிறது. பின்னர் கால்சியம் உட்புகுந்து தசையைச் சுருங்கச் செய்கிறது. இறுதியில் பொட்டாசியம் வெளியேறுவதால் செல் மீண்டும் பழைய நிலையை அடைகிறது. இப்பணி முடியும் வரை அச்செல் அடுத்த தூண்டுதலை ஏற்பதில்லை. இதனை ‘தூண்டலை ஏற்காத இடைவேளை’ எனலாம்.

தூண்டுதல் எவ்வளவு சிறியதாயினும் செல் பதிலளிக்கும் என்பதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவை எட்டினால்தான் சோடியம் வாயில்கள் போதிய எண்ணிக்கையில் திறக்கும். அந்தக் குறைந்தபட்ச அளவே ‘தூண்டு வரம்பு’ எனப்படும். வரம்புக்குக் கீழே இருந்தால் பதில் சிறிதும் இல்லை. வரம்பைத் தாண்டினால் பதில் முழுமையாகக் கிடைக்கும். இடைநிலை கிடையாது. பேஸ்மேக்கர் சிகிச்சை முழுவதும் இந்த வரம்பையே அடிப்படையாகக் கொண்டது.

கருவியும் அதன் காப்பு அளவும்

உடலுக்குள் முழுவதுமாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு நோயாளிக்கு வைக்கப்பட்டது. கருவியை வடிவமைத்தவர் ரூன் எல்ம்குவிஸ்ட். அறுவைச் சிகிச்சை செய்தவர் ஓகே சென்னிங். அக்கருவி சில மணி நேரமே இயங்கியது. இன்றைய கருவிகளோ லித்தியம் மின்கலத்தின் துணையால் சுமார் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை உழைக்கின்றன.

கருவியிலிருந்து செல்லும் மெல்லிய கம்பியின் முனை இதயத்தின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். கருவியைப் பொருத்தும்போது மருத்துவர் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவில் இதயம் பதிலளிக்காமல் நின்றுவிடுகிறது என்று கண்டறிகிறார். நல்ல நிலையில் இது பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. பொருத்திய முதல் சில வாரங்களில் கம்பி முனையைச் சுற்றி ஏற்படும் அழற்சியால் வரம்பு உயர்ந்து, பின்னர் ஒரு நிலைக்கு வரும். கம்பி முனையிலேயே ஸ்டீராய்டு மருந்தை வைக்கும் முறை 1980-களில் வழக்கத்திற்கு வந்த பின் இந்த உயர்வு வெகுவாகக் குறைந்தது.

கருவியை நேர் வரம்பு அளவிலேயே வைத்துவிட முடியாது. உறக்கம், உணவு, காய்ச்சல், மருந்து ஆகியவற்றால் வரம்பு நாளுக்கு நாள் மாறும். எனவே வரம்பைப் போல் இரு மடங்கு மின்னழுத்தம் தருவது பொதுவான நடைமுறை. இந்த உபரியே காப்பு அளவு ஆகும். ஆனால் காப்பு அளவுக்கும் ஒரு விலை உண்டு. துடிப்பொன்றுக்குச் செலவாகும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. 2.5 வோல்ட்டில் இயங்கும் கருவியை 5 வோல்ட்டுக்கு மாற்றினால், ஒவ்வொரு துடிப்புக்கும் நான்கு மடங்கு ஆற்றல் தேவை. மின்கலம் விரைவில் தீரும். புதிய கருவிக்காக மீண்டும் அறுவைச் சிகிச்சை செய்ய நேரும். அளவு மீறிய காப்பு பொருளிழப்பு. குறைந்த காப்பு உயிராபத்து. இரண்டிற்கும் இடையே சரியான அளவைத் தேர்வதே மருத்துவரின் பணி.

மருந்துகள் செய்யும் மாற்றம்

இதயத் துடிப்பைச் சீர்செய்யும் மருந்துகளை நான்கு வகைகளாகப் பிரிக்கும் முறை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வான் வில்லியம்ஸ் என்பவரால் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கப்பட்டது. ஃபிஜியில் பிறந்த, இந்திய வம்சாவளியினரான பிரமா சிங் அவருடன் இணைந்து ஆய்வு செய்து, அமியோடரோன் மருந்து இதயச் செல்லில் புரியும் செயலை 1970-இல் விளக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

முதல் வகை மருந்துகள் சோடியம் வாயில்களை அடைப்பவை. குவினிடின், புரோக்கெயினமைடு, ஃபிளெக்கைனைடு, புரோப்பாஃபெனோன் ஆகியவை இவ்வகையின. மின் அலையைக் கிளப்புவதே சோடியம் வாயில்தான் என்பதை நினைவிற் கொண்டால், இம்மருந்துகள் தூண்டு வரம்பை உயர்த்துவதன் காரணம் எளிதில் விளங்கும். ஃபிளெக்கைனைடு இதில் முதன்மையானது. சிலரிடம் வரம்பை இரு மடங்கும் அதற்கு மேலும் உயர்த்தக் கூடியது. குவினிடின், புரோக்கெயினமைடு ஆகியவை உயர்ந்த அளவில் இவ்விளைவைத் தருகின்றன. லிக்னோகெயின் வழக்கமான அளவில் அதிக மாற்றம் செய்வதில்லை.

இரண்டாம் வகை, புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகள். மூன்றாம் வகை, பொட்டாசியம் வெளியேறுவதைத் தாமதப்படுத்தி, தூண்டலை ஏற்காத இடைவேளையை நீட்டிக்கும் சோட்டலால், அமியோடரோன் முதலியவை. நான்காம் வகை, வெரபமில் போன்ற கால்சியம் தடுப்பு மருந்துகள். இம்மூன்று வகைகளும் தூண்டு வரம்பை முதல் வகையளவுக்கு உயர்த்துவதில்லை. எனினும் அமியோடரோன் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின் உள்ளது. நீண்ட நாள் உட்கொள்வோரில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி மந்தமாகி, அதன் வழியே வரம்பு உயரலாம். மேலும் அம்மருந்து உடலை விட்டு நீங்கப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். மாத்திரையை நிறுத்தியவுடன் அதன் விளைவும் நின்றுவிடும் என்று கருதுவது தவறு. அதிர்ச்சி தந்து இதயத்தை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தியவர்களில், மீட்புக்குத் தேவையான ஆற்றலையும் அமியோடரோன் உயர்த்தக் கூடும்.

துடிப்பின் வேகமும் மருந்தின் வலிமையும்

மருந்தின் விளைவு எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. அது துடிப்பின் வேகத்தைப் பொறுத்து மாறுகிறது. முதல் வகை மருந்துகள் சோடியம் வாயில் இயங்கும்போது அதனோடு பிணைகின்றன. துடிப்புகளுக்கு இடையேயான ஓய்வில் விடுபடுகின்றன. துடிப்பு வேகமானால் ஓய்வு குறையும்; மருந்து விடுபட நேரம் இராது. ஆகவே பேஸ்மேக்கர் வேகமாகத் தூண்டும்போது இம்மருந்தின் தடை வலுக்கிறது. மின் அலை கீழறைகளில் பரவும் நேரம் நீள்கிறது. இ.சி.ஜி. படத்தில் அலை அகலமாகத் தெரியும். நடக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் பேஸ்மேக்கர்கள் இன்று பரவலாக உள்ளன. ஓய்விலிருக்கும்போது எடுத்த இ.சி.ஜி. சரியாக இருப்பதால் மட்டும், உழைக்கும்போதும் எல்லாம் சரியாக இருக்கும் என்று முடிவு செய்ய இயலாது.

சோட்டலால் போன்ற மருந்துகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. துடிப்பு மெதுவாக இருக்கும்போதே அவற்றின் விளைவு மிகுகிறது. செல் பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் அளவுக்கு மீறி நீண்டு, ஆபத்தான துடிப்புக் கோளாறு எழலாம். அத்தகைய நேரத்தில் பேஸ்மேக்கரின் வேகத்தைச் சற்றுக் கூட்டுவதே காப்பாகிறது. ஆக, ஒரு மருந்துக்கு வேகம் பகையாகிறது. இன்னொரு மருந்துக்கு அதே வேகம் துணையாகிறது. எந்த மருந்து என்று அறியாமல் கருவியின் வேகத்தை மாற்றுவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவற்றால் மருந்தும் கருவியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று கொள்ளலாகாது. சிலருக்கு இதயம் ஒரு நேரம் மிக வேகமாகவும் மறு நேரம் மிக மெதுவாகவும் துடிக்கிறது. வேகத்தை அடக்க மருந்து தந்தால், மெதுவான துடிப்பு மேலும் மெதுவாகும். பேஸ்மேக்கர் உள்ளதாலேயே இவர்களுக்கு மருந்தைத் துணிந்து தர முடிகிறது. இரண்டும் சேர்ந்தே பயன் தருகின்றன. சேர்த்தே கண்காணிக்கப்பட வேண்டும் என்பதே கருத்து.

சர்ப்பகந்தி தந்த பாடம்

இத்துறையில் இந்தியாவின் பங்கு பலரும் அறியாதது. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர் நம் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. டெல்லி திப்பியாக் கல்லூரியில் ஆய்வு செய்த சலீமுஸ்ஸமான் சித்திகி, அவ்வேரிலிருந்து ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து 1931-இல் வெளியிட்டார். அக்கல்லூரியை உருவாக்கிய ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அதற்கு அஜ்மலைன் என்று பெயரிட்டார். அதே செடியை உயர் இரத்த அழுத்தத்திற்குப் பயன்படுத்திக் கண்ட முடிவுகளை, மும்பையின் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் இதயநோய் இதழில் வெளியிட்டார். உலகின் கவனம் அதன் பின்னரே இச்செடியின்பால் திரும்பியது.

அஜ்மலைன் பின்னர் ஐரோப்பாவில் இதயத் துடிப்பு மருந்தாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அது முதல் வகையைச் சேர்ந்தது. சோடியம் வாயிலை அடைப்பது. நரம்பு வழியே செலுத்தியதும் விரைவில் செயல்பட்டு, விரைவிலேயே விளைவு தணிகிறது. ஆகையால் அது சிகிச்சையைவிடச் சோதனைக்கு உகந்ததாயிற்று. அடிக்கடி மயங்கி விழும் ஒருவரின் ஹிஸ் கற்றையில் மறைந்திருக்கும் பழுது சாதாரண இ.சி.ஜி.யில் தெரியாமல் போகலாம். மருத்துவமனையின் ஆய்வறையில், தக்க பாதுகாப்புடன், மேலறையைப் படிப்படியாக வேகமாகத் தூண்டியும், தேவையெனில் அஜ்மலைன் போன்ற மருந்தைச் செலுத்தியும் அப்பழுதை வெளிக்கொணர முடியும். தூண்டலுக்கு இதயம் தரும் பதில் மருந்தின் முன்னும் பின்னும் எவ்வாறு மாறுகிறது என்பதே, அவருக்குப் பேஸ்மேக்கர் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. நிரந்தரமாகக் கருவி பொருத்தியவரிடம் தீங்காகக் கூடிய அதே விளைவு, சோதனை அறையில் நோயைக் காட்டும் விளக்காகிறது.

காப்பு அளவு கரையும் விதம்

மருந்து ஒன்று மட்டுமே காப்பு அளவைத் தீர்த்துவிடுவது அரிது. பல காரணங்கள் ஒன்று சேரும்போதே தொல்லை எழுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒருவரின் தூண்டு வரம்பு 1 வோல்ட். கருவி 2 வோல்ட்டில் வைக்கப்பட்டுள்ளது. புதிய மருந்தால் வரம்பு 1.6 வோல்ட்டாக உயர்கிறது எனில், கருவி இன்னும் வேலை செய்யும். நோயாளிக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆயினும் காப்பு அளவில் பெரும்பகுதி போய்விட்டது. இந்நிலையில் வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் தளர்ந்தால், ஃபிளெக்கைனைடு போன்ற மருந்து வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும், பொட்டாசியமும் உயரும். உயர்ந்த பொட்டாசியம் தானே தூண்டு வரம்பை ஏற்றுவது. இரண்டும் சேர்ந்து வரம்பு 2 வோல்ட்டைத் தாண்டிய நொடியில், கருவி தூண்டலை அனுப்பிக்கொண்டே இருக்கும். இதயம் பதில் தராது. தமக்கென்று சொந்தத் துடிப்பு ஏதுமின்றிக் கருவியையே முற்றிலும் நம்பியிருப்பவருக்கு இதன் பொருள் மயக்கம், சில சமயம் மரணம்.

சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரும் பொட்டாசியம் சேர்க்கும் பொருளே. இரத்த அழுத்தத்திற்கும் இதயத் தளர்ச்சிக்கும் தரப்படும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்துபவை. இவை விலக்கப்பட வேண்டியவை அல்ல. கணக்கில் கொள்ளப்பட வேண்டியவை.

மருந்தின் விளைவை முன்கூட்டியே அளக்காமல் நம்புவது எத்தகைய இழப்பைத் தரும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு பேராய்வு சான்றாகும். மாரடைப்புக்குப் பின் தோன்றும் கூடுதல் துடிப்புகளை ஃபிளெக்கைனைடும் என்கைனைடும் நன்கு அடக்கின. ஆயினும் அவற்றை உட்கொண்டவர்களிடையே இறப்பு கூடியிருந்தது என 1989-இல் அறிவிக்கப்பட்டது. இ.சி.ஜி. சீரானது; ஆனால் நோயாளி காக்கப்படவில்லை. அதன் பின்னரே, யாருக்கு எந்த மருந்து என்பதில் உலகெங்கும் கட்டுப்பாடு வந்தது.

நிர்வாகம் ஆற்ற வேண்டியவை

பேஸ்மேக்கர் பொருத்தும் சிகிச்சை 2018-இல் தொடங்கிய பிரதமரின் ஜன் ஆரோக்கியத் திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அத்திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பு அளிக்கிறது. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் சட்டப்படி மருந்துகளாகக் கருதப்பட்டு, அவற்றின் விலையேற்றம் ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேற்படாதவாறு கண்காணிக்கப்படுகிறது. அமியோடரோன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் உள்ளது. ஆக, கருவியும் மருந்தும் எளியோரின் கைக்கு எட்டும் தொலைவுக்கு வந்துள்ளன. இனி எட்ட வேண்டியது தொடர் கண்காணிப்பே. கருவி பொருத்துவது ஒரு நாள் செலவு; அதைப் பேணுவது பத்தாண்டுப் பொறுப்பு. முதலாவதற்குப் பணம் ஒதுக்கி, இரண்டாவதை விட்டுவிடுவது, அணையைக் கட்டி வாய்க்காலை வெட்டாமல் விடுவதற்கு ஒப்பாகும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. முதலாவதாக, கருவி பொருத்தியவரிடம் தரப்படும் அடையாள அட்டையில் கருவியின் பெயரும் எண்ணும் மட்டுமின்றி, கடைசியாக அளந்த தூண்டு வரம்பு, கருவி வைக்கப்பட்டுள்ள மின்னழுத்தம், உட்கொள்ளும் துடிப்பு மருந்துகள், நோயாளி கருவியை முற்றிலும் சார்ந்தவரா என்னும் விவரம் ஆகியவையும் இடம்பெற வேண்டும். 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் சுகாதார எண்ணுடன் இவ்விவரங்களை இணைத்தால், மும்பையில் பதிந்தது திருநெல்வேலியிலும் படிக்கக் கிடைக்கும்.

இரண்டாவதாக, சோடியம் வாயிலை அடைக்கும் மருந்தைப் புதிதாகத் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் தூண்டு வரம்பை மீண்டும் அளப்பது வழக்கமாக வேண்டும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரு நிறுவனத்தின் கருவியை அந்நிறுவனத்தின் சோதனைப் பொறியால் மட்டுமே படிக்க முடியும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற மண்டல மையங்களில், புழக்கத்திலுள்ள எல்லா நிறுவனங்களின் பொறிகளும் இருப்பது அவசியம். கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே இதனை நிபந்தனையாகச் சேர்ப்பது அரசுக்கு எளிது.

மூன்றாவதாக, நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் அவர்கள் மொழியில் அறிவுறுத்தல் தரப்பட வேண்டும். புதிய மருந்து எழுதும் எந்த மருத்துவரிடமும் கருவி அட்டையைக் காட்டுதல், தலைசுற்றலோ மயக்கமோ மீண்டும் தோன்றினால் உடனே மருத்துவமனையை அணுகுதல், மருந்தைத் தாமாக நிறுத்தாமலும் கூட்டாமலும் இருத்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கினாலே போதும். பல மொழியினர் வாழும் மும்பை போன்ற நகரங்களில், மராத்தியிலும் இந்தியிலும் மட்டுமன்றித் தமிழ் முதலான மொழிகளிலும் இவ்வறிவுறுத்தல் அச்சிடப்படுவது நன்மை பயக்கும்.

மருத்துவ அறிவியல் தூண்டு வரம்பை அளக்கவும், மருந்தின் விளைவை முன்னறியவும் வழி கண்டுவிட்டது. அவ்வறிவைக் கருவி பொருத்திய நகரத்தோடு நிறுத்திவிடாமல், நோயாளி செல்லும் ஊர் வரை கொண்டு சேர்ப்பது இனி நிர்வாகத்தின் கடமை. ஓர் அட்டையும், ஓர் அளவையும், தாய்மொழியில் ஒரு பக்க அறிவுறுத்தலும் அதற்கு நல்ல தொடக்கமாக அமையும்.